ஓரத்தில் ஒரு படி: ரிபேட் சீவுளியைக் கையாள்வது எப்படி?

(தோட்ட இளைஞர், யுவதிகளுக்கான தச்சுப் பயிற்சி வகுப்பின் ஆரம்ப நாளில் தோட்டச் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப் போறது ஒரே ஒரு ஆயுதத்தைப் பற்றி. பேர் ரிபேட் சீவுளி. "சேமநல ஐயா வந்தா மலசலகூடத்தைப் பற்றிப் பேசுவார், போசாக்கைப் பற்றிப் பேசுவார், இது என்ன சீவுளிக் கதை?" என்று பின்னால இருக்கிற அக்காமார் யோசிக்கலாம். நான் பேசப் போறதும் அதே விஷயம்தான். வேறு வாசல் வழியா வாறேன், அவ்வளவுதான்.

நம்முடைய லயத்துக் காம்பராவின் கதவை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. கதவைச் சாத்தினாலும் நிலைக்கும் கதவுக்கும் நடுவிலே விரல் போற அளவுக்கு வெளிச்சம் தெரியும். மாசி மாதப் பனிக்கு அந்த இடுக்கு வழியாத்தான் காற்று வரும். கீழே பாயிலே படுத்திருக்கிற பிள்ளைக்கும் கிழவிக்கும்தான் அந்தக் காற்று முதல்ல படும். நாம சாக்கைச் சுருட்டி அடைக்கிறோம், கடதாசியைத் திணிக்கிறோம். காலையிலே கதவைத் திறந்தா எல்லாம் கீழே விழுந்து கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேணும். கக்கூசுக் கதவுப் பலகைகள் காய்ஞ்சு சுருங்கி, நடுவிலே இடைவெளி விழுந்து கிடக்கிறதை எத்தனை லயத்திலே பார்க்கிறோம்? வயசுக்கு வந்த பெண்பிள்ளை அதுக்குள்ள போகக் கூச்சப்படும். இருட்டுற வரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்கும். கட்டடம் இருக்கு, தண்ணீர் இருக்கு, ஆனா மானமா உள்ளே போய் வர வழி இல்லை.

இந்த இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான்: பலகையின் ஓரத்திலே ஒழுங்கா வெட்டின ஒரு படி.

ரிபேட் என்றால் என்ன?

ஒரு பலகையின் ஓரத்தை மாடிப்படி மாதிரி ஒரே ஒரு படி வெட்டி எடுத்தா அதுக்குப் பேர் ரிபேட். நடுவிலே வெட்டினா அது தவாளிப்பு, ஓரத்திலே வெட்டினா ரிபேட். இந்த வித்தியாசத்தை மனசிலே வைச்சுக்கொள்ளுங்க.

நல்ல வீட்டுக் கதவு நிலையைத் தடவிப் பாருங்க. உள்பக்கத்திலே ஒரு படி இருக்கும். கதவு அந்தப் படிக்குள்ள போய் உட்காரும். காற்று நேரா உள்ளே வர ஏலாது. படியிலே மோதித் திரும்ப வேணும். கண்ணாடி யன்னலிலே கண்ணாடி உட்கார்ந்திருக்கிறதும் இப்படிப்பட்ட ஒரு படியிலேதான். படம் மாட்டுற சட்டத்தின் பின்பக்கத்தைப் பாருங்க, அங்கேயும் இருக்கும்.

லயத்திலே என்ன செய்திருக்கு? பல இடத்திலே நிலையிலே படி கிடையாது. ஒரு ரீப்பையை ஆணி வைச்சு அடிச்சு, கதவு அதிலே முட்டி நிற்கும். ரீப்பைக்குப் பின்னால தண்ணி இறங்கும், உளுத்துப் போகும், ஆணி கழன்று விழும். மரத்திலேயே வெட்டின படி கழன்று விழாது. மரம் இருக்கிற காலம் வரைக்கும் இருக்கும்.

சாதாரணச் சீவுளியால ஏன் முடியாது?

சாதாரணச் சீவுளியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. அலகு நடுவிலே இருக்கும், இரண்டு பக்கமும் இரும்போ மரமோ கரை மாதிரி இருக்கும். அந்தக் கரை இருக்கிறதால அலகு படியின் மூலைக்குள்ள போகாது. ரிபேட் சீவுளியிலே அலகு, உடலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் முழு அகலத்துக்கும் இருக்கும். அதனால மூலைக்குள்ள போய் வெட்டும்.

நமது வகுப்புக்கு வந்திருக்கிறது 78ஆம் இலக்க மாதிரி. அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பனி 1880களிலே கொண்டு வந்த அமைப்பு இது. பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ரெக்கோர்ட் கம்பனியும் 078, 778 என்ற இலக்கங்களிலே இதைச் செய்தது. உடல் ஏறக்குறைய 8 1/2 அங்குல நீளம், அலகு 1 1/2 அங்குல அகலம். நூறு வருஷத்துக்கு மேலே ஆகியும் அமைப்பு பெரிசா மாறவில்லை. இதுக்குக் கரண்டும் வேண்டாம். இப்ப ரூட்டர் மெஷின் இருக்கிறது உண்மைதான். ஆனா பத்து வீட்டுக்குப் பத்து யன்னல் செய்யிறவருக்கு இந்தச் சீவுளி போதும்.

இதிலே அலகு வைக்க இரண்டு இடம் இருக்கு. நடுவிலே ஒன்று, முன்மூக்குப் பக்கம் ஒன்று. சாதாரண வேலைக்கு நடு இடம். படி ஒரு மூலையிலே போய் முட்டி நிற்குது, அதுக்கு மேலே சீவுளி போகாது என்றால் அலகைக் கழற்றி முன் இடத்திலே வைக்கிறோம். அப்போ மூலைக்கு மிகக் கிட்டப் போய் வெட்டலாம். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை உளியால எடுத்துவிடலாம்.

கான் வெட்டுறவருக்கு இது புதிசில்லை

இந்தச் சீவுளியோடு மூன்று சின்னச் சாமான் வருது. புதுசாப் பார்க்கிறவங்க இதைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. மலையிலே கான் வெட்டின ஆள் பயப்படத் தேவையில்லை.

கான் வெட்டும்போது என்ன செய்வீங்க? முதல்ல கயிறு பிடிப்பீங்க, கான் கோணாமல் போறதுக்கு. சீவுளியிலே அந்தக் கயிறுதான் கைடு. அடியிலே ஒரு கம்பியிலே ஓடுற இரும்புச் சட்டம். அது பலகையின் ஓரத்தை ஒட்டிக்கொண்டே போகும். படி எத்தனை அகலம் என்று தீர்மானிக்கிறது அது.

பிறகு ஆழத்துக்கு ஒரு அளவுக் குச்சி வைச்சிருப்பீங்க. இங்கே அது சீவுளியின் வலப்பக்கத்திலே இருக்கிற ஆழக்கட்டை. வேண்டிய ஆழம் வந்ததும் அது பலகை மேலே முட்டும். அதுக்குப் பிறகு தள்ளினாலும் அலகு வெட்டாது.

மூன்றாவது, கான் ஓரத்திலே புல்லு வேர் இருந்தா அலவாங்கால இழுத்துப் பிய்க்க மாட்டீங்க, கத்தியால ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் மண்ணை எடுப்பீங்க. அந்தக் கத்திதான் இங்கே முள். மூன்று இதழ் பூ மாதிரி ஒரு சின்ன உருக்குத் துண்டு பக்கத்திலே இருக்கும். மரத்தின் நாருக்குக் குறுக்காக வெட்டும்போது மட்டும் ஒரு இதழைக் கீழே திருப்பி இறுக்க வேணும். அது முன்னால போய் நாரை அறுக்கும், பின்னால அலகு வந்து சீவும். நார் வழியே சீவும்போது முள்ளை மேலே திருப்பிவிடுங்க. தேவையில்லாம கீழே விட்டா அது நாரோடு ஓடி, வழியை மாற்றிவிடும்.

அகலத்துக்குக் கைடு, ஆழத்துக்குக் கட்டை, குறுக்கு நாருக்கு முள். இவ்வளவுதான் விஷயம்.

அலகு முதலில், தள்ளுவது பிறகு

மழுங்கின கத்தியால கவ்வாத்து வெட்டினா செடிக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளை பிளக்கும், தண்ணி இறங்கும், அழுகும். மரமும் அப்படித்தான். மழுங்கின அலகு வெட்டாது, பிய்க்கும்.

அலகைச் சாணையிலே 25 பாகை சரிவுக்குப் பிடிச்சு, பிறகு எண்ணெய்க் கல்லிலே 30 பாகைக்குக் கூர் ஏற்றுங்க. தட்டையான பின்பக்கத்தைக் கல்லிலே மட்டமா வைச்சுத் தேய்ச்சு, திரும்பி நிற்கிற பிசிறை எடுங்க. வெட்டு முனை நேரா, மூலைமட்டத்துக்குச் சரியா இருக்க வேணும். சாய்ந்து இருந்தா படியின் தரையும் சாய்ந்துதான் வரும்.

இனி நான் சொல்லப் போறதைக் கவனமாக் கேளுங்க. பெரும்பாலான படிகள் கோணிப் போறது இந்த இடத்திலேதான். அலகைச் சீவுளியிலே வைக்கும்போது, மூலைப் பக்கம் இருக்கிற அலகின் கரை, உடலின் பக்கத்தோடு மட்டமா, அல்லது ஒரு மயிரிழை வெளியே இருக்க வேணும். உள்ளே போயிருந்தா என்ன நடக்கும்? ஒவ்வொரு தடவை சீவும்போதும் மூலையிலே ஒரு நூல் மிஞ்சும். அடுத்த தடவை சீவுளி அந்த நூலிலே முட்டிக் கொஞ்சம் வெளியே நகரும். பத்துத் தடவைக்குப் பிறகு பார்த்தா படியின் சுவர் நேரா நிற்காது, சரிஞ்சு நிற்கும். அளவுக்கு மீறி வெளியே நீட்டினா சுவரைக் கீறும். விரலால தடவிப் பார்க்க வேண்டாம், வெட்டும். ஒரு நேரான சட்டத்தை உடலின் பக்கத்திலே ஒட்டி வைச்சுப் பாருங்க.

கைடு ஒற்றைக் கம்பியிலே நிற்கிற சீவுளி என்றால், இறுக்கினதும் முன்னாலயும் பின்னாலயும் அடிமட்டத்தால அளந்து பாருங்க. இரண்டும் ஒன்றா இருக்க வேணும். 778 மாதிரிக்கு இரட்டைக் கம்பி இருக்கிறதால அது அவ்வளவு கோணாது.

தள்ளும் முறை

பலகை அசையாமல் மேசையிலே இறுக்கிக்கொள்ளுங்க. கோடு கீறும் கேஜால அகலத்தையும் ஆழத்தையும் முதல்ல கீறுங்க. சீவுளி அளவு வைச்சிருக்கு என்று கோட்டை விட்டுவிடாதீங்க, கோடுதான் சாட்சி.

புதுசாப் பிடிக்கிறவர் பலகையின் இந்தத் தலைப்பிலே தொடங்கி அந்தத் தலைப்பு வரைக்கும் ஒரே மூச்சிலே தள்ளப் பார்ப்பார். அது வேண்டாம். அந்தத் தலைப்பிலே, அதாவது முன்பக்க முடிவிலே, ஆறு அங்குலம் மட்டும் சீவுங்க. பிறகு ஒரு அடி பின்னால வந்து அங்கேயிருந்து தள்ளுங்க. பிறகு இன்னொரு அடி. இப்படிப் பின்னுக்கு நடந்து வந்தா, ஒவ்வொரு தள்ளலும் ஏற்கனவே வெட்டின பாதையிலே போய் முடியும், சீவுளி வழி தவறாது. முழு நீளத்துக்கும் பாதை விழுந்த பிறகு நீட்டி நீட்டித் தள்ளுங்க.

இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. வலக்கை தள்ளும். இடக்கை கைடைப் பலகையின் ஓரத்தோடு அழுத்திப் பிடிக்கும். வலக்கையாலேயே எல்லாத்தையும் செய்யப் பார்த்தா சீவுளி வெளிப்பக்கம் சரியும். நாலைந்து தள்ளலுக்கு ஒரு தடவை மூலைமட்டத்தை வைச்சுப் பாருங்க. சரிவு ஆரம்பத்திலே தெரிஞ்சா திருத்தலாம், கடைசியிலே தெரிஞ்சா விறகுதான்.

நாலு பக்கமும் படி வெட்ட வேணும் என்றால் முதல்ல நாருக்குக் குறுக்கான இரண்டு தலைப்பையும் வெட்டுங்க, பிறகு நீளப் பக்கத்தை வெட்டுங்க. குறுக்கா வெட்டும்போது கடைசி மூலையிலே கொஞ்சம் பிய்ஞ்சு வரும். நீளப் பக்கத்தை வெட்டும்போது அந்தப் பிய்ஞ்ச இடமும் சேர்ந்து போய்விடும்.

எங்கே எந்த அளவு?

புதுசா வீடு கட்டி நிலை செய்யிறவங்க, நிலையைப் பூட்டுறதுக்கு முன்னாலேயே படியை வெட்டிக்கொள்ளுங்க. ஆழம் 1/2 அங்குலம், அகலம் கதவின் கனம் எவ்வளவோ அவ்வளவு. சுவரிலே பதிச்ச பழைய நிலையிலே இந்தச் சீவுளி ஒழுங்கா ஓடாது. அங்கே வழக்கமான ரீப்பையைத்தான் அடிக்க வேணும். அடிக்கும் முன்னால ரீப்பையின் பின்பக்கத்துக்கும் பெயின்ட் பூசுங்க, உளுக்கிறது குறையும்.

கண்ணாடி யன்னலுக்குக் கண்ணாடி உட்கார 1/4 அங்குல அகலம் வேணும். புட்டியும் பிடிக்கிறதுக்கு 1/2 அங்குல ஆழம் வையுங்க. கண்ணாடியைப் படியின் அளவுக்கு அப்படியே வெட்டாதீங்க, நீளத்திலும் அகலத்திலும் 1/8 அங்குலம் குறைச்சு வெட்டுங்க. மரம் மழைக்கு ஊதும், இடம் இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். புட்டி வைக்க முன்னால படிக்குள்ள ஒரு கை பெயின்ட் பூசுங்க. இல்லாவிட்டால் காய்ந்த மரம் புட்டியிலே இருக்கிற எண்ணெயை உறிஞ்சிவிடும், புட்டி வெடிச்சு விழும்.

கடைசியா அந்தக் கக்கூசுக் கதவு. பலகைகளைப் பக்கத்திலே பக்கத்திலே வைச்சு அடிச்சா, காய்ஞ்சதும் இடைவெளி விழுந்தே தீரும். மரம் நீளத்திலே சுருங்கிறது மிகக் குறைவு, அகலத்திலேதான் சுருங்கும். அதைத் தடுக்க நம்மால ஏலாது. ஆனா மறைக்க ஏலும். 1 அங்குலப் பலகையை எடுத்து, ஒரு ஓரத்திலே மேல்பக்கமாக 1/2 அங்குல ஆழம், 1/2 அங்குல அகலத்துக்குப் படி வெட்டுங்க. மற்ற ஓரத்திலே அதே அளவு, ஆனா அடிப்பக்கமாக. இப்போ ஒரு பலகையின் படி மற்றப் பலகையின் படி மேலே கூரைத் தகரம் மாதிரி ஏறி உட்காரும். பலகை சுருங்கினாலும் வெளிச்சம் தெரியாது.

இதிலே ஒரு கணக்கு இருக்கு. 6 அங்குலப் பலகை ஐந்து வைச்சா 30 அங்குலம் வரும் என்று நினைக்காதீங்க. ஒவ்வொரு இணைப்பிலும் 1/2 அங்குலம் உள்ளே போகும். நாலு இணைப்புக்கு 2 அங்குலம் குறைஞ்சு, 28 அங்குலம்தான் வரும். அதனால 30 அங்குலக் கதவுக்கு ஆறு பலகை எடுத்து, கடைசிப் பலகையை அளவுக்குக் கிழிக்க வேணும். இணைப்பை இறுக்கி அடிக்காமல் ஒரு காசு நுழையுற அளவு இடம் விடுங்க. ஆணியைக் குறுக்குச் சட்டத்துக்கு அடிக்கும்போது படி ஏறின இடத்திலே அடிக்காதீங்க. அங்கே அடிச்சா இரண்டு பலகையும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், சுருங்கும்போது வெடிக்கும்.

மரம் காய்ஞ்சிருக்க வேணும் என்பதை மறக்காதீங்க. கிரவிலியாவோ, சப்புவோ, டர்பன்டைனோ, நிழலிலே, நடுவிலே குச்சி வைச்சு அடுக்கிக் காயப் போடுங்க. 1 அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. தோட்டத்து மரத்தை அனுமதி இல்லாம யாரும் வெட்டக் கூடாது என்பதையும் இந்த இடத்திலே சொல்லிவிடுறேன்.

ஆயுதத்தைப் பாதுகாப்பது

இந்தச் சீவுளியின் அலகு இரண்டு பக்கமும் வெளியே தெரியும். சாதாரணச் சீவுளியைப் பிடிக்கிற மாதிரி பக்கத்திலே விரலைச் சுற்றித் தூக்கினா விரல் வெட்டுப்படும். கைப்பிடியிலே மட்டும் பிடிச்சுத் தூக்குங்க. கீழே வைக்கும்போது முன்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குச்சியைக் கொடுத்து வையுங்க, அலகு மேசையிலே படாது. உடல் வார்ப்பிரும்பு. சீமெந்துத் தரையிலே விழுந்தா உடையும், ஒட்ட வைக்கிறது லேசில்லை. நமது மலைப் பக்கத்து மூடுபனிக்கு ஒரே இரவிலே துரு ஏறும். வேலை முடிஞ்சதும் எண்ணெய்த் துணியால துடைச்சு வையுங்க.

பழையதை வாங்குறவங்க நாலு விஷயத்தைப் பாருங்க: உடலிலே வெடிப்பு இருக்கா, பக்கமும் அடியும் மூலைமட்டத்துக்குச் சரியா இருக்கா, கைடும் ஆழக்கட்டையும் முள்ளும் மூன்றும் கூட வருதா, கம்பி பூட்டுற துவாரத்தின் புரி தேயாமல் இருக்கா. கைடு இல்லாத ரிபேட் சீவுளி, கயிறு இல்லாம கான் வெட்டுற மாதிரித்தான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஒரு லயத்துக்கு ஒன்று போதும். சங்கத்திலே ஒரு கொப்பி போட்டு, யார் எடுத்தார், எப்ப கொடுத்தார் என்று எழுதி வையுங்க. எடுத்தவர் கூர் ஏற்றித்தான் திருப்பிக் கொடுக்க வேணும் என்று ஒரு சட்டமும் போடுங்க.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நமது பிள்ளைகள் படிப்பை விட்டதும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் பஸ் ஏறுறாங்க. போறவங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனா கையிலே ஒரு தொழிலோடு போறவருக்கும் வெறுங்கையோடு போறவருக்கும் கிடைக்கிற மரியாதை வேறு. தச்சு வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கு. பள்ளிக்கூடத்திலே அதிகம் படிக்காதவரும், வேலை தெரிஞ்சிருந்தா, செய்து காட்டி அதைப் பெற வழி இருக்கு. அதுக்கு விண்ணப்பம் நிரப்ப நான் காரியாலயத்திலே இருப்பேன், வாங்க.

தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. இந்தச் சீவுளிக்குப் பலம் அதிகம் வேண்டாம், கூரும் பொறுமையும்தான் வேணும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்தைத் தோளிலே சுமந்து ஏற்றம் ஏறுற கை உங்களுடையது. இது ஆம்பிளை வேலை என்று யாராவது சொன்னா, கூரான அலகைக் கொடுத்து ஒரு படியை வெட்டிக் காட்டுங்க.

இந்த வகுப்பிலே முதல்ல செய்யப் போறது அழகான மேசையோ நாற்காலியோ இல்லை. கீழ் லயத்துக் கக்கூசுகளுக்கு நாலு கதவு. நாலும் வெளிச்சம் தெரியாமல் சாத்த வேணும். அப்படிச் சாத்தினா இந்த வகுப்பு பாஸ் என்று நான் சொல்லுவேன். சோதிச்சுப் பார்த்துப் புள்ளி போடப் போறது அந்த லயத்துப் பெண்பிள்ளைகள்தான்.